பதினேழாம் நம்பர் சிக்னல்

ஆபீசில் எல்லாருக்கும் அவள் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த, பக்கத்து மேஜை மெமரிக்காரர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். "எனக்கு ஒரு அக்கா வேணும்னு சின்ன வயசுல எங்கம்மாகிட்ட கேட்டேன், கிடைக்கல. இங்க வந்துதான் கிடைச்சது" என்பார். அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. கழுத்தில் கண்ணாடிக் கயிறு, காலில் எப்போதும் ஒரே மாதிரி ரப்பர் செருப்பு. இருபத்திரண்டு வருஷமாக ஒரே கம்பெனி, ஒரே மேஜை. அந்த மேஜையை மட்டும் நடுவில் ஒருமுறை ஜன்னல் பக்கத்திலிருந்து சுவர்ப் பக்கம் நகர்த்தினார்கள். ஏன் என்று அவள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அந்தக் கம்பெனி லிஃப்டுகளுக்கான பெட்டி செய்கிறது. மாடி மாடியாக ஏறி இறங்கும் லிஃப்டை ஓட்டுவது அந்தச் சின்னப் பெட்டிதான். பெட்டிக்குள் ஒரு கர்னல். கர்னல் என்றால், உள்ளே ஓடுகிற எல்லாப் புரோகிராமுக்கும் இடம் கொடுத்து, நேரம் கொடுத்து, ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற அடிப் புரோகிராம். அதில் மெமரிக்காரர் மெமரியைப் பார்த்துக்கொண்டார். அக்காவின் பங்கு சிக்னல். வேறு யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள்.

"சிக்னல்னா என்னம்மா?" என்று உறவுக்காரர்கள் கேட்டால் அவளிடம் ஒரே பதில்தான். "ஓடிக்கிட்டிருக்கிற புரோகிராமைத் தோள்ல தட்டி ஒரு சேதி சொல்றது."

"என்ன சேதி?"

"நில்லு, போ, செத்துப் போ, உன் பிள்ளை செத்துட்டான். இந்த மாதிரி."

கல்யாண வீட்டில் உட்கார்ந்துகொண்டு இப்படிப் பதில் சொன்னால் அப்புறம் யார்தான் வாயைத் திறப்பார்கள்? ஆனால் அவள் சொன்னது உண்மைதான். ஒரு புரோகிராம் இன்னொன்றை எழுப்பி வேலைக்கு அனுப்பினால், அனுப்பியது தாய், போனது பிள்ளை. பிள்ளை செத்தால் கர்னல் தாயைத் தட்டும். அது பதினேழாம் நம்பர் சிக்னல். தாய் வந்து, என் பிள்ளை எப்படிச் செத்தது என்று கேட்டு, பதிலை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொண்டால்தான் கர்னல் அந்தப் பிள்ளையின் பேரைப் பட்டியலிலிருந்து அடிக்கும். அதுவரை செத்தது பட்டியலில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். ஓடாது, பேசாது, இடத்தை மட்டும் விடாது. தொழிலில் அதற்கு ஜாம்பி என்று பேர்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, அவளுடைய தம்பி செத்துப்போனான். முப்பத்தொன்பது வயது. பைக்கில் வேலைக்குப் போனவன் பின்னால் வந்த லாரியைப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை காலையில் அப்பா செத்துப்போனார். அவருக்கு எண்பத்தொன்று, பக்கவாதம் வந்து நாலு வருஷமாகப் படுக்கை. அவரைக் குளிப்பாட்டி, திருப்பிப் போட்டு, ஸ்பூனால் ஊட்டி எல்லாம் செய்தவள் அக்காதான். மகன் போன சேதியை அவரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று அடுத்த அறையில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் போய்விட்டார்.

தம்பிக்காக வந்த கூட்டம் கலையவே இல்லை. அதே வாடகை நாற்காலிகள், அதே பிளாஸ்க். அதே வண்டியே மறுபடியும் வந்தது. வண்டிக்காரர் வாசலில் இறங்கி, "இதே வீடா? முந்தாநாள்தானே வந்துட்டுப் போனேன்?" என்று முகவரிச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பாவுக்கென்று தனியாக யாரும் அழவில்லை. அழத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஏற்கெனவே தம்பிக்காக அழுதுகொண்டிருந்தார்கள். "அவருக்கு விடுதலை" என்று ஒரு சித்தப்பா சொன்னார், எல்லாரும் தலையாட்டினார்கள், அவ்வளவோடு சரி. அம்மா மகனுடைய சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

அக்காவுக்கு உட்காரவே நேரமில்லை. போன் பேச, வண்டி சொல்ல, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஓர் ஆள் வேண்டாமா? அடுத்த வாரம் சாவைப் பதிவு செய்யும் அலுவலகத்துக்குப் போனாள். பையில் டாக்டர் கொடுத்த சீட்டு இரண்டு இருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் "யாரோடது?" என்றார். தம்பியுடையதை நீட்டினாள். அவர் எழுதினார், முத்திரை குத்தினார், "அடுத்து" என்றார். பின்னால் நின்றவர் முன்னால் வந்தார். அக்கா வெளியே வந்துவிட்டாள். அப்பாவின் சீட்டு பையின் உள் ஜிப்பில் அப்படியே தங்கிவிட்டது.

மறந்துவிட்டாள் என்றும் சொல்ல முடியாது, நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டாள் என்றும் சொல்ல முடியாது. அவள் ஒன்றுமே நினைக்கவில்லை. சம்மணம் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, கிள்ளினால் யாருடைய காலையோ கிள்ளுவது மாதிரி இருக்குமே, அப்படி ஆகிவிட்டாள் முழு ஆளும். ஒன்பது நாள் லீவு முடிந்ததும் மேஜைக்கு வந்தாள். துக்கம் விசாரித்தவர்களுக்கு "ஆமா" என்றாள். மதியம் டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள், கழுவினாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. "அக்கா கல்லு மாதிரி தாங்கிக்கிட்டாங்க" என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். என்னத்தைத் தாங்கினாள்? தாங்குவதற்கு முதலில் உடம்பில் ஏதாவது பட வேண்டும்.

அப்பா படுத்திருந்த கட்டில் வீட்டுக் கட்டில் இல்லை, ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் இரவல் கட்டில். கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் தூக்கும், பக்கத்துக் கம்பி இறங்கும், தடித்த மெத்தை. ஆஸ்பத்திரியிடம் இருந்ததே மொத்தம் பன்னிரண்டு. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீடுகளுக்கு அனுப்புவார்கள். ஆள் எழுந்து நடந்தாலோ இறந்தாலோ சொல்ல வேண்டும், வண்டி வந்து எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகும். மாதம் ஒருமுறை, முதல் புதன்கிழமை மதியம், ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் அக்காவுக்குப் போன் பண்ணுவாள்.

"ஐயா எப்படி இருக்காங்க?"

"அப்படியேதான் இருக்கார்."

"கட்டில்ல ஏதும் பிரச்சினை இல்லையே?"

"இல்ல."

"சரிங்கம்மா. ஐயாவைப் பார்த்துக்குங்க."

நாலு வருஷம் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில். அப்பா போன அடுத்த மாதமும் போன் வந்தது, வாய் தானாக அதையே சொன்னது. சொல்லி முடித்ததும் போனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்கடுத்த மாதம் பார்க்கவும் இல்லை. இப்படி ஏழு தடவை சொல்லியாகிவிட்டது.

கட்டிலில் அம்மா துவைத்த துணிகளை மடித்து அடுக்க ஆரம்பித்தாள். "இதை எப்போ எடுத்துட்டுப் போவாங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நாமதான் சொல்லணும்."

"சொல்லேன்."

"சொல்றேன்மா."

அம்மா அப்புறம் கேட்கவில்லை. துணி வைக்க அது வசதியாகவும் இருந்தது.

ஆபீசைக் கூட்டித் துடைக்கிறவளுக்கு வாளியம்மா என்று பட்டப்பேர். அவள் தள்ளிக்கொண்டு வரும் வாளிக்கு மூன்று சக்கரம், அதில் ஒன்று கீச்சுக்கீச்சென்று கத்தும். அந்தச் சத்தம் நெருங்கினால் மணி பத்து என்று அர்த்தம். அக்காவைவிட ஆறு வயது பெரியவள், அக்கா வீட்டுச் சாவுகளுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். அவளும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். "காலைத் தூக்குங்க அக்கா" என்பாள், அக்கா இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கிக்கொள்வாள். மேஜைக்கு அடியில் துடைத்து முடிக்கும்வரை வாளியம்மாவின் வாய் ஓயாது. அவள் பேசுவதைக் காதில் வாங்கிக்கொள்ள அந்த ஆபீசில் அக்காவை விட்டால் ஆள் கிடையாது, மற்றவர்கள் காதுக்குள் ஏதாவது மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

வாளியம்மாவின் புருஷன் பெயிண்டர். ஏணியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாமல் போய்விட்டது. வீட்டில் தரையில்தான் கிடக்கிறார்.

"கட்டிலுக்குப் பேர் குடுத்திருக்கோம் அக்கா, அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில. மொத்தமே பன்னிரண்டுதானாம், பன்னிரண்டுலயும் ஆள் இருக்காம். எங்களுக்கு முன்னால யாருமே இல்ல, நாங்கதான் முதல் ஆள். வாரா வாரம் போய்க் கேட்கிறேன். ஒருத்தர் போய்ச் சேர்ந்தாத்தான் நமக்குக் கிடைக்கும். யார் சாவாங்கன்னு காத்துக்கிட்டு நிக்கிறதெல்லாம் ஒரு பொழப்பா, சொல்லுங்க."

"ம்" என்றாள் அக்கா.

"தரையில வச்சுத் தனியாத் திருப்பிப் போட முடியல அக்கா. என் இடுப்பும் போச்சு. முதுகுல புண்ணு வந்திருச்சு அவருக்கு. என் உள்ளங்கை அகலம். அவருக்கு வலிக்கக்கூட மாட்டேங்குது, அதுதான் கொடுமை."

"பாவம்" என்றாள் அக்கா. காலைக் கீழே வைத்தாள். தரை இன்னும் ஈரமாக இருந்தது.

கேட்கிறவர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். வீட்டில் சும்மா கிடக்கிற கட்டிலை வைத்துக்கொண்டு, ஒரு மனுஷி கண்ணெதிரே நின்று இப்படிச் சொல்லும்போது "பாவம்" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுத் திரையைப் பார்க்க எப்படி முடிந்தது? முடிந்தது. சொன்னதெல்லாம் காதில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே கிடந்தது. இது ஒருநாள் இல்லை, வாரத்துக்கு இரண்டு தடவை, ஏழு மாதம்.

எட்டாவது மாதம்தான் லிஃப்ட் பெட்டியில் வம்பு வந்தது. ஒரு பத்து மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு தபால்காரர். உதவிப் பொத்தானை அழுத்தினார். அழுத்தினால் பெட்டிக்குள் ஒரு புரோகிராம் எழுந்து, கீழே இருக்கும் காவலாளியோடு பேச இணைப்புக் கொடுக்க வேண்டும். எழவே இல்லை. நாற்பது நிமிஷம் மனுஷன் கதவைத் தட்டிக்கொண்டு நின்றார். அடுத்த பத்து நாளில் இன்னும் இரண்டு கட்டடத்தில் அதே கதை. மூன்றும் இருநூற்று முப்பது நாளுக்கு மேல் நிறுத்தாமல் ஓடிய பெட்டிகள். "வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் தெரியலைன்னா நம்ம பெட்டி இருக்கிற நானூறு லிஃப்டையும் நிறுத்தச் சொல்லிடுவாங்க" என்று மேனேஜர் கையைப் பிசைந்தார்.

மெமரி தீர்ந்திருக்கும் என்று எல்லாரும் மெமரிக்காரர் பக்கம் திரும்பினார்கள். "எது நடந்தாலும் என் தலையில கட்டிடுங்க" என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே பார்த்தார். மெமரி பாதிக்குமேல் காலியாக இருந்தது. அக்கா பெட்டியின் பட்டியலை எடுத்து அச்சுப் போட்டாள். மொத்தம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு இடம். அதில் உயிரோடு இருந்தவை முப்பத்து மூன்று. மிச்சம் எல்லாம் செத்தவை. தபால்காரர் பொத்தானை அழுத்தியபோது புரோகிராம் எழத்தான் பார்த்தது, உட்கார இடமில்லை.

"பெட்டி முழுக்க ஜாம்பின்னு கஸ்டமர்கிட்ட எப்படிங்க போய்ச் சொல்றது?" என்றார் மேனேஜர். "வேற நல்ல வார்த்தை இல்லையா?"

"செத்துட்டாங்க, இன்னும் பட்டியல்ல இருக்காங்க. அவ்வளவுதான்" என்றாள் அக்கா.

"அது இன்னும் மோசமா இருக்கு."

பெட்டியில் எல்லாவற்றுக்கும் தாயாக இருக்கும் முதல் புரோகிராமை எழுதியவள் அக்கா. பதினாலு வருஷத்துக்கு முன்னால் எழுதியது. செவ்வாய்க்கிழமை மதியம் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மெமரிக்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். முதல் புரோகிராம் நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டு பிள்ளைகளை அனுப்பும். ஒன்று மோட்டார் சூட்டைப் பார்க்கும், ஒன்று கதவைப் பார்க்கும். பார்த்துச் சொல்லிவிட்டு இரண்டும் செத்துவிடும். பெரும்பாலும் முன்னே பின்னே சாகும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை மட்டும் சேர்ந்தாற்போல் சாகும்.

சிக்னலுக்கு ஒரு குணம் உண்டு. கர்னல் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு வரிசைக் கட்டம் வைத்திருக்கும், சிக்னலுக்கு ஒரு கட்டம். சிக்னல் வந்தால் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி. அந்தப் புரோகிராம் தன் வேலைக்காகக் கர்னலுக்குள் வந்துவிட்டுத் திரும்பும்போது, வாசலில் நிறுத்தி, புள்ளியைப் பார்த்துத் தோளில் தட்டும். முதல் பிள்ளை செத்ததும் பதினேழாம் கட்டத்தில் புள்ளி விழுகிறது. தாய் வாசலுக்கு வருவதற்குள் இரண்டாவதும் சாகிறது. கர்னல் புள்ளி வைக்கப் போகிறது, அங்கே ஏற்கெனவே புள்ளி இருக்கிறது. சரி என்று விட்டுவிடுகிறது. கட்டத்தில் புள்ளி இருக்கும் அல்லது இருக்காது. இரண்டு புள்ளி வைக்க இடம் கிடையாது. ஆகவே இரண்டு சாவுக்கு ஒரே தட்டுத்தான்.

இது தெரியாத விஷயமா? புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாளே உட்காரவைத்து, "சிக்னல் எண்ணிக்கை சொல்லாது, இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். தட்டினா எத்தனை பேர்னு நீதான் போய்ப் பார்க்கணும்" என்று பாடம் நடத்தியவளே அவள்தான். அவளே எழுதிய புரோகிராமில், செத்தவர் இருந்தால் எடு என்று எழுதியிருந்தாள். செத்தவர் இருக்கும்வரை எடு என்று எழுதியிருக்க வேண்டும். தட்டியதும் போனது, ஒருவரை எடுத்தது, கடமை முடிந்தது என்று வந்துவிட்டது. பரிசோதனைக்கு அவள் எழுதி வைத்ததும் இருந்தது. ஒரு பிள்ளையைக் கொல், ஒரு வினாடி பொறு, அடுத்ததைக் கொல். பக்கத்திலேயே ஒரு குறிப்பு: ஒரு வினாடி இடைவெளி போதும். பதினாலு வருஷமாக அந்தப் பரிசோதனை பாஸாகிக்கொண்டே இருந்தது.

"விடுங்க அக்கா" என்றார் மெமரிக்காரர். "ரெண்டு பேர் ஒண்ணாப் போவாங்கன்னு யார் நினைப்பாங்க?"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். செவ்வாயும் வந்து, வியாழனும் வந்து, அந்த வாடகை நாற்காலியில் இரண்டு நாளும் உட்கார்ந்துவிட்டுப் போனவர் அவர்.

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றாள் அக்கா. ஒரு வார்த்தையை மாற்றிச் சேமித்தாள்.

புதன்கிழமை காலையிலிருந்து பரிசோதனை. இரண்டைச் சேர்த்துக் கொன்றாள், ஐந்தைக் கொன்றாள், ஐம்பதைக் கொன்றாள். ஒரே தட்டு. தாய் போய்க் கேட்டது, ஒருவரை எடுத்தது. இன்னும் யாராவது என்று கேட்டது, எடுத்தது. இன்னும் யாராவது? இல்லை என்று கர்னல் சொல்லும்வரை அது திரும்பவே இல்லை. திரையில் வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டரை மணிக்குப் போன் அடித்தது. முதல் புதன்கிழமை.

"ஐயா எப்படி இருக்காங்க?"

"அப்படி..." என்று வாய் ஆரம்பித்துவிட்டது. மேலே வரவில்லை. திரையில் இன்னும் யாராவது, இன்னும் யாராவது என்று ஓடியது.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"அப்பா செத்துட்டார்" என்றாள். அந்த இரண்டு சொல்லை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஐயோ. எப்போம்மா?"

"எட்டு மாசம் ஆச்சு."

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. அப்புறம், "போன மாசம் பேசினேனேம்மா. நீங்கதானே பேசினீங்க?"

"நான்தான்."

"இங்க ஒருத்தங்க வாரா வாரம் வந்து நின்னுட்டுப் போறாங்க. அவங்க வீட்டுக்காரரைத் தரையில போட்டு வச்சிருக்காங்க. நான் அவங்ககிட்ட இல்ல, இல்லன்னு..." அவள் குரல் கோபத்தில் ஏறியது.

"தெரியும்" என்றாள் அக்கா.

சொன்ன பிறகுதான் தனக்குத் தெரியும் என்பதே அவளுக்குத் தெரிந்தது. ஏழு மாதமாகத் தெரியும்.

"நாளைக்குக் காலைல வண்டி வரும்மா. சாவைப் பதிவு பண்ணின நகல் ஒண்ணு ரெடியா வைங்க" என்று அவள் போனை வைத்தாள். இந்தத் தடவை ஐயாவைப் பார்த்துக்குங்க என்று சொல்ல வழியில்லை.

அக்கா பாதி நாள் லீவு போட்டுவிட்டு அதே அலுவலகத்துக்குப் போனாள். உள் ஜிப்பிலிருந்து சீட்டை எடுத்தாள், மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. அதே ஆள்தான் ஜன்னலில். தேதியைப் பார்த்துவிட்டு, "எட்டு மாசமா என்னம்மா பண்ணீங்க?" என்று ஒரு படிவத்தைத் தள்ளினார். தாமதத்துக்குக் காரணம் என்று ஒரு கோடு. அதே வாரம் இன்னொரு சாவு என்று எழுதினாள். அவர் படித்தார், நிமிர்ந்து பார்த்தார், முத்திரை குத்தினார். "அடுத்து" என்றார். அக்கா நகரவில்லை.

"இன்னும் ஏதாவது இருக்கா?"

"இல்ல" என்றாள். "இனிமே இல்ல."

வியாழக்கிழமை இரண்டு ஆட்கள் வந்தார்கள். அம்மா துணிகளை அள்ளி மார்போடு பிடித்துக்கொண்டு, "இதையெல்லாம் இனி எங்க வைக்கிறது?" என்று கேட்டாள். துணியை எடுத்ததும் மெத்தையில் இடது பக்கமாக ஒரு பள்ளம் தெரிந்தது. அப்பா எப்போதும் இடது பக்கம் திரும்பித்தான் படுப்பார், ஜன்னல் அந்தப் பக்கம். மெத்தையைச் சுருட்டி, கட்டிலைக் கழற்றி, பத்து நிமிஷத்தில் கொண்டுபோய்விட்டார்கள். தரையில் நாலு துரு வட்டம் மட்டும் மிஞ்சியது. அம்மா ஈரத்துணியால் ஒன்றைத் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மேனேஜர் எல்லாரையும் கூட்டினார். "என் தப்பு" என்று அக்கா எழுந்து நின்று சொன்னாள். எந்த வரி, எந்த வார்த்தை என்று காட்டினாள். நானூறு லிஃப்டும் தப்பித்த சந்தோஷத்தில் யாருக்கும் தப்பைப் பற்றிக் கவலையில்லை, கைதட்டினார்கள். அவள் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். பத்து மணிக்குக் கீச்சுக்கீச்சென்று வாளி வந்தது. என்றைக்கும் இல்லாத வேகத்தில் வந்தது.

"அக்கா, கட்டில் வந்திருச்சு!"

வாளியம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கிட்டே வந்தாள். "நேத்து மதியம் கொண்டாந்து போட்டாங்க. நாலு பேர் பிடிச்சு அவரை ஏத்தினோம். கைப்பிடியைச் சுத்தித் தலைப்பக்கம் தூக்கிவிட்டேன். இத்தனை மாசம் கழிச்சு என் மூஞ்சியை நேருக்கு நேரா பார்க்கிறார் மனுஷன். பார்த்துட்டு, 'என்னடி இப்படி நரைச்சுட்டே'ங்கறார்!" சிரித்தாள், சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. "யாரு பெத்த பிள்ளையோ அக்கா, செத்துப் போயிட்டார். நேத்தோ முந்தாநாளோ போயிருப்பார். அந்த வீட்டுல இந்நேரம் எப்படி அழுதுக்கிட்டிருப்பாங்க. நாங்க இங்க சிரிக்கிறோம்." தோளில் கிடந்த துணியால் கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது.

அப்பாவுக்கென்று தனியாக அழுத முதல் ஆள் அவள்தான். அக்கா அவளையே பார்த்தாள்.

"மெத்தையில இடது பக்கம் ஒரு பள்ளம் அக்கா. அப்படியேதான் படுத்திருக்கார் போல, பாவம்."

"அந்தப் பக்கம்தான் ஜன்னல்" என்றாள் அக்கா.

"எந்த ஜன்னல்?"

"எங்க வீட்டு ஜன்னல். அவர் எங்க அப்பா."

"ஐயையோ!" வாளியம்மா அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கை ஈரமாக, சொரசொரவென்று இருந்தது. "உங்க அப்பாவா? இப்படி ஆகிப்போச்சா? நீங்க ஏன் அக்கா வேலைக்கு வந்தீங்க?"

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆஸ்பத்திரிக்காரி வந்து சொல்லப்போவதில்லை. அந்தக் கை இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்திருக்கும், எட்டு மாதத்தில் யாரும் அப்படிப் பிடிக்கவில்லை.

"நேத்து இல்ல. எட்டு மாசம் ஆச்சு" என்றாள். "நான்தான் ஆஸ்பத்திரியில சொல்லல."

கை உடனே விடவில்லை. அப்படியே நின்றது. "எட்டு மாசமா?"

"ஆமா."

"கட்டில் சும்மாவா கிடந்துச்சு?"

"துணி மடிச்சு வச்சிருந்தோம்."

வாளியம்மா கையை எடுத்துக்கொண்டாள். "துணியா" என்றாள். சத்தம் போடவில்லை. "நாங்க பேர் குடுத்து ஏழு மாசம் ஆகுது." துடைப்பத்தை எடுத்தாள், வாளியைத் திருப்பினாள். மேஜைக்கு அடியில் துடைக்காமலே போனாள். சக்கரம் கத்திக்கொண்டே போவது மாடிப்படி வரைக்கும் கேட்டது.

வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அக்காவுக்கு. மரத்த காலில் ரத்தம் ஓட ஆரம்பிக்கும்போதுதான் உயிர் போகும். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். முதலில் தம்பிக்கு. அது தீர்ந்தது என்று நிமிர்ந்தால் அப்பாவுக்கு. அதற்கப்புறம், பார்த்தே இராத ஒரு பெயிண்டரின் முதுகுக்கு. மெமரிக்காரர் ஒரு டம்ளர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். ஒரு மணி நேரம் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை.

திங்கள்கிழமை பத்து மணிக்கு வாளி வந்தது. அக்கா காலையிலிருந்து அந்தச் சத்தத்துக்காகத்தான் காத்திருந்தாள். வரிசையாகத் துடைத்துக்கொண்டே வந்து, வாளியம்மா அவள் மேஜை முன்னால் நின்றாள்.

"புண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டாள் அக்கா.

"எலும்பு வரைக்கும் போயிருச்சுன்னு டாக்டர் சொல்றார். பார்க்கலாம்னு சொல்லியிருக்கார்."

துடைப்பத்தை வாளியில் நனைத்துப் பிழிந்தாள். குனிந்து மேஜைக்கு அடியில் நீட்டினாள்.

"காலைத் தூக்குங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.